பிராஞ்ச் ரிக்கியின் நாற்றங்கால்

நம் கல்லூரிக் களத்தில் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடுவோர் பலர். பேஸ்பால் என்னும் அமெரிக்கப் பந்தாட்டத்தைக் கண்ணுற்றார் மிகச் சிலரே. அந்நாட்டார்க்கோ அது வெறும் விளையாட்டன்று. தொழிலும், வாணிகமும், ஊர்ப்பெருமையுமாம். ஆண்டுதோறும் ஆட்டப் பருவம் தொடங்குமுன், பிப்ரவரி மார்ச்சுத் திங்கள்களில், பனி உறைந்த வடபுல நகரங்களின் குழுக்கள் ப்ளோரிடா முதலிய வெப்பநாடுகளுக்குச் சென்று வசந்தகாலப் பயிற்சி செய்வது நெடுநாள் வழக்கம். எவரைப் பெரிய லீக்கில் நிறுத்துவது, எவரைச் சிறு லீக் எனப்படும் கீழ்நிலைக் குழுக்களுக்கு அனுப்புவது, எவரை விற்பது என்று துணியுங் காலம் அதுவே. இளைஞர் பலருடைய வாழ்வு அவ்வாறு வாரங்களில் தீர்மானமாகிவிடும். இம்முறைக்கு இன்றுள்ள உருவத்தைப் பெரும்பாலும் அளித்தவர் வெஸ்லி பிராஞ்ச் ரிக்கி என்பவர். அவர் பந்தாடிப் புகழ் பெற்றவரல்லர். ஆடுவோரைத் தேர்ந்து, வளர்த்து, விற்று, சில வேளை கைவிட்டுப் புகழ் பெற்றவர். தேவபக்தியும் பணப்பற்றும் ஒருங்கே உடையவரெனப் பேசப்பட்டவர். அவர் சரித்திரத்தை யாம் எழுதப் புகுந்ததற்கு அம்முரண்பாடே காரணமாம்.

ரிக்கி 1881ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் ஒஹாயோ மாகாணத்து நாட்டுப்புறமொன்றில் உழவர் குடியிற் பிறந்தார். பெற்றோர் மெதடிஸ்ட் திருச்சபையைச் சார்ந்தவர். ஜான் வெஸ்லியின் பெயரையே மகனுக்கு இட்டனர். இளமையில் கிராமப் பள்ளியொன்றில் உபாத்தியாயராயிருந்து பொருள் சேர்த்துப் பின் ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரியிற் சேர்ந்தார். ஓய்வுநாளில் பந்தாடுவதில்லையென்று அவர் தம் தாயார்க்கு வாக்களித்திருந்தார். 1904ஆம் ஆண்டு சின்சினாட்டிக் குழுவில் இடம் கிடைத்த காலத்து, ஞாயிற்றுக்கிழமை ஆட மறுத்தமையால் அவ்விடத்தை இழந்தார். பின்னர்ச் செயின்ட் லூயி, நியூயார்க்கு ஆகிய நகரங்களின் குழுக்களில் ஆடினார். ஆட்டத்தில் அவர் சிறந்தவரென்று சொல்வதற்கில்லை. 1907ஆம் ஆண்டு ஒரே ஆட்டத்தில் எதிர்க்குழுவினர் பதின்மூன்று முறை தளம் திருடி ஓட, பந்து பிடிப்போராய் நின்ற ரிக்கி கைந்நோவால் ஒன்றும் செய்யமாட்டாது நின்றார்.

கல்லூரிக் குழுவுக்குப் பயிற்சியாளராயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்று அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது. இந்தியானா மாகாணத்துச் சௌத் பெண்ட் நகரில் விடுதிக்காரர் ஒருவர் ரிக்கியின் குழுவிலிருந்த சார்ல்ஸ் தாமஸ் என்னும் கருநிற மாணவனுக்கு அறை தர மறுத்தார். ரிக்கி வழக்காடித் தம் அறையிலேயே கட்டிலொன்று இடச் செய்தார். இரவில் அம்மாணவன் தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்து, இத்தோலின் நிறம் போய்விடாதா என்று கண்ணீர் வடித்ததை ரிக்கி தம் முதுமைவரை சொல்லிவந்தார். தாமஸ் பிற்காலத்தில் பல் வைத்தியராய் விளங்கினார்.

க்ஷயரோகத்தால் வருந்தியதும், தேறிப் பின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1911ஆம் ஆண்டு சட்டப் பட்டம் பெற்றதும், வக்கீல் தொழிலில் தோற்றதும் விரித்துரைக்க வேண்டாதன. 1917ஆம் ஆண்டு செயின்ட் லூயி கார்டினல்ஸ் குழுவின் தலைவராக அமர்ந்தாரென்பதே நமக்கு வேண்டுவது. அக்குழு அந்நாளில் வறுமையில் உழன்றது. சிறு ஊர்க் குழுவொன்றில் நல்ல ஆட்டக்காரன் உளனென்று ரிக்கி கண்டுபிடித்து விலை பேசுவார். அச்செய்தி கசிந்தவுடன் செல்வம் மிக்க நியூயார்க்குக் குழு இருமடங்கு கொடுத்து அவனைக் கொண்டுபோய்விடும். இவர் வேட்டையாட, பிறர் விருந்துண்டனர். வாங்க இயலாதான் விளைவித்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் அவர்க்கு அப்பொழுது உதித்தது. ஆர்க்கன்சாஸ் மாகாணத்துப் போர்ட் ஸ்மித், டெக்ஸாஸின் ஹூஸ்டன், நியூயார்க்கு மாகாணத்துச் சிராக்கியூஸ் ஆகிய ஊர்க் குழுக்களில் கார்டினல்ஸ் பங்கு வாங்கிற்று. முகாம்கள் நடத்தி இளைஞரைத் திரளாக வரவழைத்துச் சோதித்தனர். ஓடுந் திறனையும் எறியுந் திறனையும் ரிக்கி முதலிற் பார்ப்பார். ஏனைய பயிற்சியால் வரும், இவையோ பிறவியில் அமைவன என்பது அவர் கொள்கை. தேர்ந்த இளைஞர் அடிப்படியில் தொடங்கி ஆண்டுக்கொரு படியாக ஏறுவர். இதற்கு அமெரிக்கர் பண்ணை முறையென்று பெயரிட்டனர். தஞ்சைச் சீமையார் நாற்றங்காலென்றே சொல்வர்: நெருக்கி விதைத்து, பறித்து, வேறு வயலில் நடுதல்.

விளைவு பெரிதாயிற்று. 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் கார்டினல்ஸ் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் வென்றது. 1940ஆம் ஆண்டளவில் முப்பதுக்கு மேற்பட்ட குழுக்களும் அறுநூறுக்கு மேற்பட்ட இளைஞரும் அந்நாற்றங்காலில் இருந்தனர். ஸ்டான் மியூஸியல் என்பார் பந்தெறிபவராகச் சேர்ந்தவர். 1940இல் தோள் பழுதுற்றமையால் வெளிக்களத்துக்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டிறுதியிற் பெரிய லீக்கை அடைந்து, அந்நாட்டுத் தலைசிறந்த மட்டை வீரருள் ஒருவரானார். ஒருவனை ஓராண்டு பிந்தி விற்பதினும் ஓராண்டு முந்தி விற்றல் நலமென்று ரிக்கி கருதினார். டிஸ்ஸி டீன் என்னும் புகழ்பெற்ற பந்தெறிபவர் காயத்தால் கைவலி குன்றியதைக் கண்டு, 1938ஆம் ஆண்டு ஏப்ரலில், பருவம் தொடங்குந் தறுவாயில், 1,85,000 டாலருக்கும் மூன்று ஆட்டக்காரருக்கும் மாற்றாகச் சிகாகோவுக்கு விற்றார். டீனுடைய பழைய வேகம் மீளவேயில்லை.

ஈண்டு யாம் சற்று நிற்கின்றோம். நாற்றுக்கு வாயில்லை, மனிதனுக்கு உண்டு. ஒப்பந்தத்திற் கையெழுத்திட்ட இளைஞன் விடுவிக்கப்படுமளவும் வேறு குழுவிற்குச் செல்லலாகாது. மேலே இடமில்லையெனினும் கீழே காத்திருக்க வேண்டும், ஊதியமோ சொற்பம். விற்பனைத் தொகையில் ரிக்கிக்கும் பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்களத்தில் அடிவையாதவர், அந்நாளில் வசூலான பணத்தைத் திங்கட்கிழமை எண்ணத் தயங்கினாரில்லையென்று பத்திரிகைக்காரர் எள்ளினர். 1938ஆம் ஆண்டு பேஸ்பால் தலைமை ஆணையர் லாண்டிஸ், கார்டினல்ஸின் மறைமுகப் பிடியிலிருந்த 70க்கு மேற்பட்ட இளைஞரை விடுதலை செய்தார். அவருள் பீட் ரைஸர் என்பவன் ப்ரூக்ளின் குழுவைச் சேர்ந்து மூன்றே ஆண்டில் மட்டையடியில் முதல்வனானான். தாயார்க்குக் கொடுத்த வாக்கைக் காத்தவரது நேர்மையில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அவருடைய கணக்கேட்டில் மனிதர் ஆஸ்தியாக எழுதப்பட்டதை மறைத்தலும் சரித்திரமாகாது.

1942ஆம் ஆண்டிறுதியில் அவர் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்கு மாறினார். போர்க்காலமாதலின் ஏனையோர் செலவைச் சுருக்க, இவர் படைக்குச் செல்லவிருந்த இளைஞரையும் திரளாகச் சேர்த்துக்கொண்டார். அவ்வூர்ப் பத்திரிகையாளர் ஒருவர், நம் காந்தியடிகளைப் பற்றிப் புத்தகமொன்றிற் படித்த வருணனை இவர்க்கும் பொருந்துமெனக் கண்டு, மகாத்மா என்று இவர்க்குப் பட்டப்பெயர் இட்டார். அதிற் பாதி புகழ்ச்சி, பாதி கேலி.

அந்நாளில் பெரிய லீக்கிலே கருநிறத்தார் ஒருவரும் இலர். எழுதாச் சட்டமாக அத்தடை அறுபதாண்டுக்கு மேல் நிலவிற்று. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் ரிக்கி, கருநிறத்தார் லீக்கில் ஆடிய ஜாக்கி ராபின்ஸனைத் தம் அறைக்கு அழைத்தார். விடுதிக்காரனாகவும், எதிரியாட்டக்காரனாகவும், வசைபாடும் காண்போனாகவும் தாமே நடித்துக் காட்டி, இவற்றையெல்லாம் கை ஓங்காது பொறுக்க இயலுமோ என்று மூன்று மணி நேரம் சோதித்தார். பாப்பினி இயற்றிய கிறிஸ்து சரித்திரத்தைத் திறந்து, மறுகன்னத்தைத் திருப்பிக் காட்டும் பகுதியைப் படிக்கச் செய்தார். ராபின்ஸன் இசைந்தார். இகழ்ச்சியைத் தாங்கவேண்டியவர் ராபின்ஸனே, ரிக்கியல்லர். அவ்வொப்பந்தத்திற்காக ராபின்ஸனின் பழைய குழுவாகிய கான்ஸாஸ் சிட்டி மானர்க்ஸுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. பின்னர்ப் பிற வீரரும் பெரிய லீக்கிற்குச் செல்லவே, கருநிறத்தாரின் லீக்குகள் சில ஆண்டுகளில் நலிந்து மறைந்தன.

சிறு லீக் முறையே இப்பொழுது கருவியாயிற்று. ராபின்ஸனை நேரே ப்ரூக்ளினிற் புகுத்தாமல், அதன் கிளையாகிய கனடாவின் மான்ட்ரியால் குழுவில் வைத்தார். 1946ஆம் ஆண்டு வசந்தப் பயிற்சி ப்ளோரிடாவில் நடந்தது. சான்போர்டு என்னும் ஊரார் பயமுறுத்தி அவரை வெளியேற்றினர். ஜாக்ஸன்வில் நகரத்தார் ஆட்டக்களத்தையே பூட்டினர். டேட்டோனா பீச் நகரம் மட்டும் இடங்கொடுத்தது. மான்ட்ரியாலின் பயிற்றுநர் மிஸிஸிப்பி மாகாணத்தார். கருநிறத்தானைத் தம் குழுவில் ஏற்க முதலில் மனமின்றி இருந்தவர். அவ்வாண்டு முடிவில் ராபின்ஸன் லீக்கின் முதல்வராயினார். அப்பயிற்றுநரே அவரது கையைப் பற்றிக் குலுக்கினார்.

1947ஆம் ஆண்டு ரிக்கி ப்ளோரிடாவை விடுத்து, நிறவேற்றுமைச் சட்டங்கள் இல்லாத க்யூபாவின் ஹவானாவுக்கு இரு குழுக்களையும் கொண்டுசென்றார். ஆங்கும் கலகத்துக்கஞ்சி, ராபின்ஸனையும் பிற கருநிற வீரரையும் தனியே எளியதோர் விடுதியில் தங்கச் செய்தாராம். அதனை ராபின்ஸன் பொருமலுடன் ஏற்றார். அவரது ஆட்டத்தைக் கண்ட ப்ரூக்ளின் வீரர், இவனை எமக்குத் தருக என்று தாமே கேட்பரென ரிக்கி எதிர்பார்த்தார். நடந்ததோ வேறு. தென்னாட்டு வீரர் சிலர் அவரை ஏற்பதில்லையென மனுவொன்று தயாரித்தனர். பனாமாவில் தங்கியிருந்தபொழுது இஃதறிந்த பயிற்றுநர் டுரோச்சர், நள்ளிரவில் அனைவரையும் எழுப்பிச் சமையலறையிற் கூட்டி, மனுவைக் கிழித்தெறியுமாறு கடிந்துரைத்தார். ரிக்கி பின்பு ஒவ்வொருவரையும் தனித்தழைத்து, ஆட மனமில்லாதார் வேறு குழுவுக்குச் செல்லலாமென்றார். எதிர்த்தோருள் இருவர் அவ்வாண்டே பிட்ஸ்பர்க்குக்கு மாற்றப்பட்டனர். ஏப்ரல் 9ஆம் நாள் டுரோச்சரே ஓராண்டு விலக்கப்பட்டார். மறுநாள், ஊரெல்லாம் அப்பேச்சாயிருக்கையில், ராபின்ஸனது ஒப்பந்தம் ப்ரூக்ளினால் வாங்கப்பட்டதென்ற சிறு அறிவிப்பு வெளிவந்தது. ஏப்ரல் 15ஆம் நாள் அவர் களம் இறங்கினார். அவ்வாண்டின் சிறந்த புதுவீரர் என்ற பரிசும் அவர்க்கே கிடைத்தது.

அடுத்த ஆண்டு, ப்ளோரிடாவின் வீரோ பீச்சில் போர்க்காலக் கடற்படை விமானதளமாயிருந்த இடத்தை ரிக்கி பயிற்சி நகராக்கினார். படைவீரர் கொட்டகைகளில் நூற்றுக்கணக்கான இளைஞர் தங்கினர். பந்து செல்லவேண்டிய எல்லையைக் காட்டக் கயிறுகள் கட்டினார். பந்து வீசும் எந்திரங்களும், சறுக்கிப் பழக மணற்குழிகளும் அமைத்தார். ஒரே நேரத்தில் பல களங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாடம். கல்லூரி அட்டவணையொன்றைப் பார்ப்பது போலிருக்கும்.

1950இல் ப்ரூக்ளினை நீங்கிப் பிட்ஸ்பர்க்கை ஏற்றார். 1952ஆம் ஆண்டு அக்குழு 154 ஆட்டங்களில் 42 மட்டுமே வென்று நகைப்புக்கிடமாயிற்று. 1954 நவம்பரில், ப்ரூக்ளின் தன் மான்ட்ரியால் கிளையில் மறைத்து வைத்திருந்த போர்ட்டோ ரிக்கோ இளைஞர் ரொபெர்ட்டோ கிளெமென்டேயைப் பிட்ஸ்பர்க் விதிப்படி 4,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. தாம் கட்டிய கொட்டிலிலிருந்தே ரிக்கி கன்றை ஓட்டிவந்தது போலாயிற்று. 1960இல் பிட்ஸ்பர்க் உலகத் தொடரை வென்றபொழுது கிளெமென்டே களத்திலிருந்தார், ரிக்கியோ அப்பொறுப்பிலில்லை.

1965ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், மிஸ்ஸௌரி மாகாணத்துக் கொலம்பியா நகரில் அவர்க்குப் பாராட்டு விழா நடந்தது. உடல்நலிவைப் பொருட்படுத்தாது சென்றிருந்த அவர், மனவுறுதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகையில், விவிலியத்திலிருந்து ஒரு கதையைத் தொடங்கி, அதனை முடிக்குமுன் சாய்ந்து விழுந்தார். மீண்டும் பேசினாரில்லை. டிசம்பர் 9ஆம் நாள், எண்பத்துநான்காம் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் முன்னர், காலமானார். அவரது உடல் தாம் பிறந்த ஒஹாயோ நாட்டுப்புறத்தில் அடக்கம் செய்யப்பட்டது.