காவலூரின் இருளைத் தேடிக் கண்டவர்

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் நள்ளிரவில் நின்று அண்ணாந்து பார்த்தால், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய விண்மீன்களே கண்ணில் படுகின்றன. தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் நம் நகரங்களின் வானத்தை வெளுக்கச் செய்துவிட்டன. இதே தமிழ்நாட்டில், நல்ல இருள் எங்கே இருக்கிறது என்று மலை மலையாகத் தேடி, அங்கே ஒரு வான் ஆய்வகத்தை எழுப்பிய அறிஞர் ஒருவர் இருந்தார். மணலி கல்லட் வைணு பாப்பு என்பது அவரது முழுப்பெயர்.

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தவர் பாப்பு. குடும்பத்தின் வேர் கேரளத்தில். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றியதால், மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் எப்படியோ அப்படி இவருக்குத் தொலைநோக்கி அமைந்தது. மாணவப் பருவத்திலேயே, ஒளி மாறும் விண்மீன்களை உற்றுநோக்கிக் கட்டுரைகள் வெளியிட்டார். ஹைதராபாத் அரசின் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சேர்த்தது.

அக்காலத்தில் இரவு வானத்தைப் படமெடுப்பது எத்தகைய வேலை என்பதை, கைப்பேசியில் நொடிக்கு ஒரு படம் எடுக்கும் நமக்குச் சற்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். மனிதக் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. இருளுக்குப் பழகிய கண்ணால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், முதல் சில நொடிகளில் தெரியாத மங்கிய விண்மீன் பிறகும் தெரியாது. வெள்ளியுப்புக் கலவை பூசிய கண்ணாடித் தட்டோ தன்மீது விழும் ஒளியை மணிக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும். ஆனால் பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியைக் கடிகாரப் பொறி இழுத்துச் சென்றாலும் அதில் சிறு பிழைகள் நேரும். அதனால் வானியலாளர், குளிரில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வழிகாட்டும் விண்மீன் ஒன்று குறுக்கிழையின் நடுவிலிருந்து விலகாதபடி விடிய விடியத் திருத்திக்கொண்டே இருப்பார். நேரத்தை இரட்டிப்பாக்கினால் படத்தின் அடர்த்தியும் இரட்டிப்பாகும் என்பதும் இல்லை. மங்கிய ஒளியில் தட்டு மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட, தட்டுகளை வாயுவில் வைத்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைகளும் வந்தன. இத்தனைக்கும் பிறகு, மேகம் வந்ததா, கை தவறியதா என்பது இருட்டறையில் தட்டைக் கழுவி எடுத்த பின்னரே தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு தட்டுதான் பாப்புவுக்குப் புகழ் தேடித் தந்தது. 1949 ஜூலை 2 அன்று, வேறொரு நோக்கத்துக்காக எடுத்த தட்டை ஆராய்ந்தபோது, அங்கே இருக்க வேண்டாத மங்கலான தடமொன்று அவர் கண்ணில் பட்டது. அது புதிய வால் நட்சத்திரம். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் ஆகியோரின் பெயர்களோடு சேர்ந்து அது பாப்பு-போக்-நியூகிர்க் வால் நட்சத்திரம் என்றானது. அப்போது அவருக்கு இன்னும் 22 வயது நிறைந்திருக்கவில்லை.

தற்செயலான கண்டுபிடிப்பை மட்டும் வைத்து ஒருவரை அறிஞர் என்று சொல்லிவிட முடியாது. முனைவர் பட்டத்துக்குப் பின் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பலோமர் ஆய்வகங்களில் பணியாற்றியபோது, ஒலின் வில்சனுடன் இணைந்து விண்மீன்களின் நிறமாலைப் படங்களை ஆராய்ந்தார் பாப்பு. அவற்றில் கால்சியம் தரும் ஒரு கோட்டின் அகலத்தை அளந்தால், விண்மீனின் உண்மையான ஒளிர்வையும், அதிலிருந்து அதன் தொலைவையும் கணிக்கலாம் என்று இருவரும் காட்டினர். 1957-இல் வெளியான அந்த ஆய்வு இன்றளவும் வில்சன்-பாப்பு விளைவு என்றே வழங்குகிறது. அங்கேயே தங்கியிருந்தால் வசதியான வாழ்க்கை கிடைத்திருக்கும். அவர் 1953-இல் நாடு திரும்பினார்.

உத்தரப் பிரதேச அரசின் வான் ஆய்வகத்தை வாராணசியிலிருந்து நைனிதாலுக்கு மாற்றி வளர்த்தெடுத்த பின், 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். கொடைக்கானலுக்குச் சூரிய ஆய்வில் நீண்ட மரபு உண்டு. இரவு வானத்துக்கு அங்குள்ள மேகமும் மூடுபனியும் ஒத்துவரவில்லை. தென்னகத்தில் பல இடங்களைச் சோதித்து அவர் தேர்ந்தது, அன்றைய வடார்க்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூர். உயரத்தைப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சுற்றிலும் காடு, அருகில் பெருநகரம் இல்லை, நிலநடுக்கோட்டுக்கு நெருக்கம் என்பதால் வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். அந்தக் கணக்கு சரியானது என்றே சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 1960-களின் இறுதியில் காவலூர் கண் திறந்தது. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்திய 1977 மார்ச் 10 நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இதற்கிடையே, 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்று, அவர் தலைமையில் வளர்ந்தது.

வெளிநாட்டிலிருந்து கருவிகளை வாங்கிக்கொண்டே இருப்பதில் பாப்புவுக்கு நிறைவில்லை. 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை இங்கேயே வடிவமைத்து உருவாக்க வேண்டும் என்றார். ஆடிக்கான கண்ணாடி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் நம் தொழில்நுட்பர்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் வேலையன்று அது. ஆடியின் வளைவில் ஒளியலையின் சிறு பின்னத்தளவுப் பிழையும் படத்தைக் கெடுத்துவிடும். பல ஆண்டுகள் நீடித்த அந்தப் பணியின் முடிவை அவர் காணவில்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக 1979-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரான அவர், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக் நகரில் காலமானார். வயது 55. அவ்வேளையில் அந்த ஒன்றியத்தின் பொதுப்பேரவை கிரேக்க நாட்டில் கூடியிருந்தது.

1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988 பிப்ரவரி 17 அன்று, காவலூரில் எடுத்த வான்படத்தில் ஒரு சிறுகோள் பிடிபட்டது. அது இன்று கணிதமேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றுகிறது. படத்தட்டுகளின் காலம் அதன்பின் வெகுநாள் நீடிக்கவில்லை. மின்னணு உணரிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

மின்னணு உணரியானாலும் அதற்கும் இருள் வேண்டும். பாப்பு தேர்ந்தெடுத்தபோது காவலூரைச் சுற்றியிருந்த சிற்றூர்களும் வாணியம்பாடி, ஆலங்காயம் போன்ற ஊர்களும் இப்போது ஒளி மிகுந்துவிட்டன. லடாக்கில் ஹான்லே ஆய்வகத்தைச் சுற்றியுள்ள பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வீடுகளின் விளக்குகளுக்கு மூடியிட்டு, ஒளி மேலே சிதறாமல் தரையில் மட்டும் விழும்படி அங்குள்ள கிராமத்தினர் மாற்றிக்கொண்டார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊராட்சிகளின் தெருவிளக்குகளுக்கும் அதே மூடி பொருந்தும். புதிய விளக்குக் கம்பங்கள் நடும் ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வரி சேர்த்தால் போதும்.