டொனால்ட் ஜட்

டொனால்ட் ஜட் (ஜூன் 3, 1928 – பெப்ரவரி 12, 1994) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கலைஞர், கலைத் திறனாய்வாளர். மினிமலிசக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். எனினும் அப்பெயரை இவர் ஏற்கவில்லை. நியூயார்க்கில் பழைய வணிகக் கட்டிடம் ஒன்றை வீடாகவும் கலைக்கூடமாகவும் மாற்றியமைத்தது இவரது முக்கிய பணிகளுள் ஒன்று.

வாழ்க்கை

மிசூரி மாநிலத்தின் எக்செல்சியர் ஸ்பிரிங்சில் பிறந்தார். இராணுவப் பொறியியல் பிரிவில் கொரியாவில் பணியாற்றிய பின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் கலை வரலாறும் பயின்றார். ஓவியராகத் தொடங்கி, 1960களில் உலோகத் தகடு, ஒட்டுப்பலகை முதலியவற்றாலான பெட்டி வடிவப் படைப்புகளுக்கு மாறினார்.

101, ஸ்பிரிங் தெரு

அருங்காட்சியகங்களில் படைப்புகள் சில வாரங்கள் வைக்கப்பட்டுப் பின் அகற்றப்படுவது ஜட்டுக்கு உடன்பாடில்லை. ஒரு படைப்பு எங்கே, எவ்வெளிச்சத்தில் இருக்கிறது என்பதும் அப்படைப்பின் பகுதியே என்று கருதினார். 1968 ஆம் ஆண்டு சோஹோ பகுதியில், நிக்கலஸ் வைட் வடிவமைத்து 1870 இல் கட்டப்பட்ட வார்ப்பிரும்புக் கட்டிடத்தை 68,000 டாலருக்கு வாங்கினார். தெருமட்டத்தையும் சேர்த்து ஐந்து தளங்கள். முகப்பில் தடித்த செங்கற்சுவருக்குப் பதிலாக மெல்லிய இரும்புத் தூண்கள் இருப்பதால் சாளரங்கள் மிகப் பெரியவை. தெருமுனையில் அமைந்ததால் இருபுறமும் வெளிச்சம் வரும்.

இது துணிச்சலான கொள்முதல் என்றே கூறவேண்டும். அப்பகுதியை ஊடறுத்து விரைவுச்சாலை அமைக்கும் திட்டம் அப்போது இருந்தது. ஜட்டும் அவர் மனைவி ஜூலி ஃபிஞ்சும் அதனை எதிர்த்தோருள் அடங்குவர். 1969 இல் திட்டம் கைவிடப்பட்டது. தொழிற்பகுதியான அங்கு குடியிருக்கச் சட்டம் இடந்தரவில்லை. 1971 இல்தான் சான்று பெற்ற கலைஞர்களுக்கு அனுமதி கிடைத்தது.

புதுப்பித்தலில் ஜட் சேர்த்தவை மிகக் குறைவு. தளங்களைச் சிறு அறைகளாகத் தடுக்காமல், ஒவ்வொன்றையும் ஒரு பயனுக்கு ஒதுக்கினார்: இரண்டாம் தளம் சமையலுக்கும் உணவுக்கும், மூன்றாவது பணிக்கூடம், ஐந்தாவது படுக்கையறை. மூன்றாம் தளத்தில் சுவருக்கும் தரைக்கும் இடையே சிறு இடைவெளி விட்டதால் தரை தனிப் பலகைபோல் தோன்றும். நான்காம் தளத்தில் தரையும் கூரையும் ஒரே மாதிரியானவை. படுக்கையறையின் நீளம் முழுவதும் நண்பர் டான் ஃபிளேவினின் ஒளிக்குழாய்ப் படைப்பு உள்ளது. தம் மகனுக்கும் ஃபிளேவின் என்றே பெயரிட்டார்.

மார்ஃபா

1970களில் டெக்சாசு மாநிலத்தின் சிற்றூரான மார்ஃபாவுக்குச் சென்று, இதே முறையைப் பெரிய அளவில் பின்பற்றினார். அங்கு வங்கி, பல்பொருள் அங்காடி ஆகியவை இவரது பணிக்கூடங்களாயின. பழைய பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் 100 அலுமினியப் பெட்டிகள் நிறுவப்பட்டன.

இறப்பிற்குப் பின்

தாம் நிறுவியவை இடம் மாறாமல் காக்கப்படவேண்டும் என்பது ஜட்டின் விருப்பம். ஆனால் அதற்குப் போதிய பணம் இருக்கவில்லை. நிலையாக நிறுவப்பட்டவற்றைக் காக்க, ஜட் அறக்கட்டளை 2006 இல் அவருடைய வேறு படைப்புகள் சிலவற்றை ஏலத்தில் விற்றது. இது சர்ச்சைக்குள்ளானது. மூன்றாண்டு சீரமைப்பில் தீத்தடுப்பு வசதிகள் கண்ணில் படாதவாறு பொருத்தப்பட்டு, 2013 ஜூனில் ஸ்பிரிங் தெருக் கட்டிடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.