மேதைகளின் ஆசிரியர் லியோபோல்ட் ஆவெர்: பலவீனமான கைகளும் ஒரு தவறான தீர்ப்பும்

1917 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் யாஷா ஹைஃபெட்ஸ் என்ற 16 வயதுச் சிறுவன் வயலின் வாசித்தான். அவனது அமெரிக்க அரங்கேற்றமான அந்த நிகழ்ச்சி, வயலின் கலையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக இன்றும் கருதப்படுகிறது. மிஷா எல்மன், எஃப்ரெம் சிம்பலிஸ்ட் ஆகிய இருவரும் அதற்கு முன்பே அமெரிக்க ரசிகர்களின் உள்ளங்களைக் கவர்ந்திருந்தனர். மூவரும் ரஷ்யப் பேரரசின் வெவ்வேறு ஊர்களில் பிறந்தவர்கள். ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியின் ஒரே வகுப்பில், லியோபோல்ட் ஆவெர் என்ற ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள்.

மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அந்நகருக்கு வந்து 49 ஆண்டுகள் தங்கிவிட்ட ஆவெர், ரஷ்யர் அல்லர். ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் நகரில் 1845 ஜூன் 7 அன்று எளிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி.

வறுமையும் தோல்வியும்

சிறுவனின் திறமையைக் கண்டு குடும்பத்தினர் அவரை புடாபெஸ்ட் நகருக்கும், பின்னர் வியன்னாவுக்கும் அனுப்பினர். வியன்னாவில் புகழ்பெற்ற ஆசிரியர் யாகோப் டோன்ட் அவருக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் பணம் தீர்ந்துபோனதால் படிப்பு பாதியில் நின்றது. தந்தையும் மகனும் ஊர் ஊராகச் சென்று சிறு நிகழ்ச்சிகள் நடத்தி, அந்த வருமானத்தில் வாழ்ந்தனர்.

அந்தக் காலத்தில் கிராஸ் நகரில் பெல்ஜிய வயலின் மேதை ஆன்றி வியூதாமுக்கு முன் வாசித்துக் காட்டும் வாய்ப்பு இளம் ஆவெருக்குக் கிடைத்தது. அவரது படைப்பையே தேர்ந்தெடுத்த சிறுவன், உணர்ச்சி ததும்ப வேண்டும் என்ற ஆவலில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு விரலைத் தந்தியில் வழுக்கிச் சென்று வாசித்தான். பியானோ கலைஞரான வியூதாமின் மனைவி இருக்கையை விட்டு எழுந்து, அறையின் மூலைமுடுக்குகளில் எதையோ தேடத் தொடங்கினார். எங்கோ பூனை ஒளிந்திருந்து கத்துகிறது என்பது அவர் சொல்லாமல் சொன்ன விமர்சனம். அந்த அவமானத்தை ஆவெர் மறக்கவில்லை. அளவுக்கு மீறிய வழுக்கலையும் ஓயாத விரல் அதிர்வையும் தம் மாணவர்களிடம் அவர் கடைசி வரை கண்டித்து வந்தார்.

1861-இல் ஹானோவர் நகரில் யோசஃப் யோவாகிமிடம் சீடராகச் சேர்ந்ததே அவரது கலை வாழ்வைத் தீர்மானித்தது. யோவாகிம் விரல் நுட்பங்களை விளக்கிச் சொல்வது அரிது. தாமே வாசித்துக் காட்டுவார், புரிந்துகொள்வது மாணவனின் பொறுப்பு. கைத்திறன் இசையை அடைவதற்கான வழியே தவிர, அதுவே இலக்கு அன்று என்ற பாடத்தை ஆவெர் அங்கேதான் கற்றார்.

அதன்பின் டூசல்டார்ஃப், ஹாம்பர்க் நகரங்களில் இசைக்குழுவின் முதன்மை வயலின் கலைஞராகப் பணியாற்றினார். 1868-இல் லண்டனில் பியானோ மேதை ஆன்டன் ரூபின்ஸ்டைனுடன் இணைந்து வாசித்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் வியனியாவ்ஸ்கி வகித்த பேராசிரியர் பதவிக்கு ஆளைத் தேடிக்கொண்டிருந்த ரூபின்ஸ்டைன், 23 வயதான ஆவெரை அழைத்துச் சென்றார்.

மறுக்கப்பட்ட காணிக்கை

ஆவெரின் பெயர் இசை வரலாற்றில் இடம்பெறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1878-இல் சைக்கோவ்ஸ்கி, இசைக்குழுவின் துணையுடன் வாசிக்கும் வயலின் கான்செர்ட்டோ ஒன்றை இயற்றி அதை ஆவெருக்குக் காணிக்கையாக்கினார். ஆவெர் அதை மேடையேற்றவில்லை. சில பகுதிகள் வயலினின் இயல்புக்குப் பொருந்தவில்லை என்றும், திருத்தம் தேவை என்றும் கருதினார். திருத்தத்தையும் செய்யாமல் காலம் தாழ்த்தினார். நாட்டின் முதன்மை வயலின் ஆசிரியரே ஒதுக்கிய படைப்பைத் தொட மற்றவர்கள் தயங்கினர். இது இசையமைப்பாளரை ஆழமாகப் புண்படுத்தியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1881 டிசம்பரில், அடோல்ஃப் பிராட்ஸ்கி வியன்னாவில் அதை முதன்முறையாக வாசித்தார். சைக்கோவ்ஸ்கி காணிக்கையை அவர் பெயருக்கு மாற்றினார். பின்னாளில் ஆவெர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அதே படைப்பைத் தாமும் வாசித்தார், மாணவர்களுக்கும் கற்பித்தார். எல்மன், ஹைஃபெட்ஸ், நேதன் மில்ஸ்டைன் ஆகிய அவரது சீடர்கள் அதை உலக மேடைகளில் வாசித்து, இசைத்தட்டுகளிலும் பதிவு செய்தனர். ஆசிரியர் தயங்கிய படைப்பு அவரது மாணவர்களின் கைகளிலேயே உலகப் புகழ் பெற்றது.

வகுப்பறை

ஆவெரின் கைகள் இயல்பிலேயே பலவீனமானவை. சில நாள்கள் பயிற்சி விட்டுப்போனாலும் விரல்கள் கட்டுப்படாது என்பதை அவரே பதிவு செய்துள்ளார். தம் கைக்கு ஏற்ற வழியைத் தாமே தேட வேண்டியிருந்ததால், எல்லாக் கைகளுக்கும் ஒரே விதியை அவர் வகுக்கவில்லை. வில்லைப் பிடிக்கும் முறையும் விரல்களின் அமைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு நடைபெறும். ஒவ்வொரு பாடமும் ஒரு சிறு கச்சேரி. பியானோ துணையுடன், சக மாணவர்கள் முன்னிலையில், படைப்பை முழுமையாகத் தயாரித்து வந்து வாசிக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சிகளை உதவி ஆசிரியர்கள் கவனித்துக்கொண்டனர். ஹைஃபெட்ஸும் தொடக்கத்தில் அவ்வாறு நல்பாந்தியன் என்ற உதவி ஆசிரியரிடம் பயின்றவரே.

தாமதமாக வருவதையும் அரைகுறைத் தயாரிப்பையும் ஆவெர் பொறுத்துக்கொள்ளமாட்டார். திறமை இருக்கிறது என்பதற்காக யாருக்கும் ஒழுங்கில் விலக்கு இல்லை. பிழையைவிட உயிரற்ற வாசிப்பே அவரை அதிகம் சினமூட்டியது.

1921-இல் வெளியான நூலில் தம் முறையை அவர் தொகுத்தளித்தார். முப்பது, நாற்பது நிமிடம் பயிற்சி செய்த பின் ஓய்வு எடுக்க வேண்டும். மெதுவாக வாசித்து, ஒவ்வொரு சுரத்தையும் காதால் சோதிக்க வேண்டும். விரல்களுடன் மூளையும் உழைக்க வேண்டும். தோளில் மெத்தை வைப்பது வயலினின் ஒலியைக் குறைக்கும் என்பவை அதில் முக்கியமானவை.

சட்டத்தின் இடைவெளி

மாணவர்களுக்காக வகுப்பறைக்கு வெளியேயும் ஆவெர் உழைத்தார். உதவித்தொகை, புரவலர்கள், தரமான வயலின், மேடை வாய்ப்பு என அனைத்துக்கும் தம் செல்வாக்கைப் பயன்படுத்தினார்.

அக்காலத்தில் யூதர்கள் சிறப்பு அனுமதியின்றித் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வசிக்க முடியாது. இசைக்கல்லூரி மாணவர்களுக்கு விலக்கு உண்டு. 1910-இல் வில்னியஸ் நகரிலிருந்து ஒன்பது வயதில் கல்லூரியில் சேர்ந்த ஹைஃபெட்ஸுக்கு அந்த விலக்கு கிடைத்தது; தந்தைக்குக் கிடைக்கவில்லை. சிறுவனைத் தனியே விடவும் இயலாது. வயலின் வாசிக்கத் தெரிந்த தந்தை ரூவினையும் மாணவராகச் சேர்த்துக்கொள்வதே ஆவெர் கண்ட வழி. கல்லூரிப் பதிவேட்டில் தந்தையும் மகனும் மாணவர்களாயினர். எல்மன் அந்நகரில் தங்கிப் படிப்பதற்கும் ஆவெர் அதிகாரிகளிடம் வாதாடி அனுமதி பெற்றுத் தந்தார்.

அவரது வகுப்பின் கதவு வெளிநாட்டவருக்கும் பெண்களுக்கும் திறந்திருந்தது. கனடாவைச் சேர்ந்த கேத்லீன் பார்லோ 1906-இல் அங்கு வந்து சேர்ந்து, பின்னர் உலகெங்கும் கச்சேரிகள் செய்தார்.

எழுபத்திரண்டு வயதில் புதிய நாடு

1917-ஆம் ஆண்டுப் புரட்சி ரஷ்யாவைப் புரட்டிப்போட்டபோது, ஆவெர் அரை நூற்றாண்டு வாழ்க்கையைப் பின்னே விட்டு நார்வே சென்றார். 1918 பிப்ரவரியில், 72 வயதில், நியூயார்க் வந்தடைந்தார். அடுத்த மாதமே கார்னகி அரங்கில் வாசித்தார். மாணவர்கள் அவருக்கு முன்பே அந்நகரில் புகழ்பெற்றிருந்ததால், ஆசிரியரைத் தேடி இளைஞர்கள் வந்தனர். 1928-இல் பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்வி நிறுவனத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அவரது சீடர் சிம்பலிஸ்ட் பின்னர் அதே நிறுவனத்தின் இயக்குநராக நீண்ட காலம் பணியாற்றினார்.

1930 ஜூலை 15 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே லோஷ்விட்ஸில் ஆவெர் 85-ஆவது வயதில் காலமானார். அவரது உடல் நியூயார்க் மாநிலத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

எல்மனின் வாசிப்பில் செழுமையான ஒலி மேலோங்கும். ஹைஃபெட்ஸிடம் துல்லியமும் வேகமும். மில்ஸ்டைனிடம் தெளிவும் நளினமும். ஒரே ஆசிரியரிடம் பயின்ற மூவரையும் ஒலிப்பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்பவர்கள், ஒருவரை மற்றவராக எண்ணிக் குழம்புவதில்லை.