எலும்புக்கு உரம் தேடிய மெல்லன்பி

பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வெயிலிலேயே வாழ்ந்தவர் என் ஆயா. மூட்டு வலியால் வீட்டுக்குள் முடங்கிய சில ஆண்டுகளில், தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், வைட்டமின் டி மிகக் குறைவு என்றார். வெயில் கொளுத்தும் நம் ஊரிலா இக்குறை என்று வியந்தேன். அவ்வியப்பே சர் எட்வர்டு மெல்லன்பியின் வரலாற்றைப் படிக்கத் தூண்டிற்று.

மெல்லன்பி 1884ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெஸ்ட் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் உடலியலும் லண்டனில் மருத்துவமும் பயின்றார். அந்நாளில் புகை மூடிய பிரிட்டிஷ் தொழில் நகரங்களில் ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கால்கள் வில்லாய் வளைந்திருந்தன. ரிக்கெட்ஸ் என்னும் அந்நோய்க்குக் காரணம் உணவு என்றனர் சிலர். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதே என்றனர் வேறு சிலர். உண்மையைக் கண்டறியும் பணியை 1914இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழு மெல்லன்பியிடம் ஒப்படைத்தது.

அவர் நாய்க்குட்டிகளை வீட்டினுள்ளேயே வளர்த்து, ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, கொழுப்பு நீக்கிய பால் போன்றவற்றை மட்டும் கொடுத்தார். எலும்புகள் வளைந்தன. அதே உணவுடன் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்தபோது நோய் அணுகவில்லை. 1919இல் இம்முடிவை வெளியிட்ட அவர், காக்கும் பொருள் வைட்டமின் ஏ ஆகலாம் எனக் கருதினார். அக்கருத்து பிழையானது. எண்ணெயில் ஏ சத்தை அழித்த பின்னும் எலும்பைக் காக்கும் ஆற்றல் எஞ்சுவதை 1922இல் அமெரிக்க அறிஞர் மெக்கால்லம் காட்டினார். அதுவே வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது.

அதே 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், புறஊதா விளக்கொளியாலேயே குழந்தைகளின் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தினார். வெயில் பட்டால் நம் தோலே வைட்டமின் டியை உண்டாக்கிக் கொள்ளும் என்பது பின்னர் விளங்கிற்று. மெல்லன்பியின் நாய்கள் வெயில் காணாமல் வளர்ந்ததால்தான் உணவின் குறை வெளிப்பட்டது. ஆக, உணவு என்றவரும் அடைபட்ட வாழ்வு என்றவரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றியிருந்தனர்.

மெல்லன்பி அத்துடன் ஓய்ந்தாரில்லை. தானியங்களிலுள்ள பைட்டிக் அமிலம், சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதையும் ஆராய்ந்தார். அவர் துணைவியார் மே மெல்லன்பி, பல்லின் உறுதிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர். 1933 முதல் 1949 வரை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளராக விளங்கிய மெல்லன்பி, ஓய்வுக்குப் பின் நம் நாட்டுக்கு வந்து, லக்னோவில் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். 1955இல் மறைந்தார்.

இன்று என் ஆயா, மருத்துவர் தந்த மாத்திரையுடன், கேழ்வரகுக் கூழும் குடித்துவிட்டு முற்பகல் வெயிலில் சற்று நேரம் அமர்கிறார். வெயில் ஊருக்குப் பொதுதான். ஆனால் வாசலைத் தாண்டாதவர்க்கு அது எட்டுவதில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இருட்டறையில் ஒரு முதியவர் இருக்கலாம். கைபிடித்து வெளியே அழைத்து வாருங்கள். மெல்லன்பிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.