பேச்சிழந்த பாட்டுக்காரர்

கொல்கத்தா விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வி.ஐ.பி. ரோடு, காஜி நஸ்ருல் இஸ்லாமின் பெயர் கொண்டது. புரட்சிக் கவி என்று வங்காளிகள் போற்றும் அவர் பெரிய இசை மேதையும்கூட என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

1899 மே 24 அன்று ஆசன்சோல் அருகே சுருலியா கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை காலமானார். மசூதியில் தொழுகைக்கு அழைப்பது, ‘லேட்டோ’ என்னும் கூத்துக் குழுவுக்குப் பாட்டு எழுதுவது, ரொட்டிக் கடை வேலை என்று பிழைப்பு நடந்தது. 1917-ல் பட்டாளத்தில் சேர்ந்து கராச்சி சென்றவர், 1920-ல் கொல்கத்தாவுக்கு வந்தார். 1922-ல் வெளியான ‘பித்ரோஹி’ கவிதை அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது. பிரிட்டிஷாரை எதிர்த்து எழுதியதற்காக 1923-ல் ஓராண்டு கடுங்காவல். ஹூக்ளி சிறையில் ஒரு மாதத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். தாகூர் தமது ‘வசந்த’ நாடகத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்.

1928 முதல் எச்.எம்.வி. கம்பெனியிலும், பின்னர் வானொலியிலும் பாட்டெழுதி, மெட்டமைத்து, ஆங்கூர்பாலா, இந்துபாலா போன்ற பாடகிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூவாயிரத்துக்கும் அதிகமான பாடல்கள்! வங்காளியில் கஜலை வேரூன்றச் செய்தவர் அவரே. இஸ்லாமியப் பாடல்களோடு, காளி மீது சியாமா சங்கீதமும் பாடினார். நம் சிம்மேந்திர மத்தியமத்தை வங்காளிப் பாட்டில் கையாண்டார். காவிரி நீரோரம் நிற்கும் பெண்ணைப் பாடினார். மீனாட்சி என்ற பெயரில் புது ராகமே உண்டாக்கினார்.

வாழ்க்கை அவரிடம் கருணை காட்டவில்லை. 1930-ல் மகன் புல்புல் வைசூரியில் மறைந்தான். பின்னர் மனைவி பிரமீளா பக்கவாதத்தில் படுக்கையானார். 1942 ஜூலையில், கொல்கத்தா வானொலியில் பேசிக்கொண்டிருக்கும்போதே நஸ்ருலின் நாக்கு குழறியது. சில மாதங்களில் பேச்சும் நினைவும் போயின. அப்போது அவருக்கு வயது 43.

படுத்தபடியே கணவரைப் பராமரித்தார் பிரமீளா. 1953-ல் இருவரையும் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அனுப்பினார்கள். மூளையைச் சுருங்கச் செய்யும் ‘பிக்ஸ்’ நோய் என்றும், இனி குணமாகாது என்றும் வியன்னா மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1962-ல் பிரமீளாவும் போய்ச் சேர்ந்தார்.

1972-ல் வங்கதேச அரசு அவரை டாக்காவுக்கு அழைத்துச் சென்று கௌரவித்தது. 1976 ஆகஸ்ட் 29 அன்று அங்கேயே காலமானார். முப்பத்துநான்கு ஆண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. அத்தனை ஆண்டுகளும் எல்லையின் இருபுறமும் அவர் பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது; இன்றும் ஒலிக்கிறது.