பிழையையும் கலையாக்கிய பெருமகன்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1904ஆம் ஆண்டு பிறந்த ஜார்ஜ் பாலன்சீன், பாலே நடனம் அமைத்தோருள் தலைசிறந்தவராக வைத்து எண்ணத்தக்கவர். 1924இல் தாயகம் நீங்கிய அவர், ஐரோப்பாவில் பணியாற்றிப் பின் 1933இல் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு, நியூயார்க்கில் புதிதாகத் தொடங்கிய நடனப் பள்ளியின் மாணவியரைக் கொண்டு அவர் படைத்ததே ‘செரனேட்’ எனும் ஓரங்க பாலே.

1880இல் சைக்கோவ்ஸ்கி நரம்பிசைக் கருவிகளுக்கென இயற்றிய இசை அதற்கு அடித்தளமாயிற்று. அவ்விசை நடனத்திற்கென எழுந்ததன்று; கச்சேரியில் அமர்ந்து கேட்டற்குரியது. ஆகவே, கதையொன்றும் வகுக்காமல் இசையின் போக்கிலேயே ஆடலை அமைத்தார் பாலன்சீன். முதல் நாள் பயிற்சிக்கு வந்தோர் 17 பெண்கள். இணை இணையாகப் பிரிக்க இயலாத எண் அது. ஆயினும் அனைவரையும் நிறுத்தியே தொடக்கக் காட்சியை உருவாக்கினார். பின்னொரு நாள் ஒருத்தி விழுந்தாள். மற்றொருத்தி காலந்தாழ்த்தி வந்தாள். அவ்வீழ்ச்சியும் தாமதமும் நடனத்துள் இடம் பெற்றன. 1934 ஜூன் திங்களில் மாணவியரே அதனை முதன்முதல் ஆடிக் காட்டினர்.

தேர்ந்த கலைஞர் வரட்டுமென அவர் காத்திருந்தால் அப்படைப்புப் பிறந்திராது. 1983இல் அவர் மறைந்த பின்னரும் அது பல நாட்டு மேடைகளில் ஆடப்பட்டு வருகிறது. வசதிகள் நிறையட்டுமென நற்பணிகளைத் தள்ளிப்போடும் நாம், அவர் வாழ்விலிருந்து கற்க வேண்டியது இதுவேயாம்.