நட்சத்திரத்தை நசுக்கிப் பார்த்த விஞ்ஞானி

ஒரு சர்க்கரைக் கட்டி அளவுதான். அதன் எடையோ பல கோடி டன்! இப்படிப்பட்ட பொருளால் ஆன நட்சத்திரங்கள் வானத்தில் இருக்கின்றன.

அவற்றை எவரும் காண்பதற்கு முன்பே, மனத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் சோவியத் விஞ்ஞானி லாண்டாவ்.

1908-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி பாகு நகரில் பிறந்தார். தந்தை எண்ணெய்க் கிணற்று என்ஜினீயர். தாயார் டாக்டர். 14 வயதிலேயே லாண்டாவ் சர்வகலாசாலையில் சேர்ந்துவிட்டார்!

ராட்சதக் கரு

அணுவின் நடுவே கரு இருக்கிறது. அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதில்தான். மீதி இடமெல்லாம் அநேகமாக வெற்றிடம்.

ஒரு நட்சத்திரம் தன் பாரத்தாலேயே நசுங்கினால் என்ன ஆகும்? கருக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரே ராட்சதக் கருவாகிவிடும். 1932-ல் வெளியான கட்டுரையில் லாண்டாவ் இப்படி எழுதினார். அப்போது வயது 24.

சிறைவாசம்

1938 ஏப்ரலில் அவர் கைதானார். ஸ்டாலின் ஆட்சியைக் கண்டிக்கும் துண்டுப் பிரசுரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. அந்த நாளில் அப்படிச் சிறை சென்ற பலர் திரும்பவே இல்லை.

அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் கபிட்சா. திரவ ஹீலியத்தைக் கடுமையாகக் குளிர வைத்தால், அது உராய்வே இல்லாமல் ஓடுவதை அவர் கண்டிருந்தார். காரணம் புரியவில்லை. லாண்டாவால்தான் அதை விளக்க முடியும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். லாண்டாவின் நடத்தைக்குத் தானே பொறுப்பு என்றும் உறுதி கொடுத்தார்.

பெரிய துணிச்சல்! தவறினால் அவருக்கும் ஆபத்து.

1939 ஏப்ரலில் லாண்டாவ் விடுதலையானார். 1941-ல் ஹீலியத்தின் மர்மத்தை விளக்கினார். நண்பரின் நம்பிக்கை வீண் போகவில்லை.

நோபல் பரிசு

1962 ஜனவரி 7-ந் தேதி அவர் சென்ற கார், லாரியில் மோதியது. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். டாக்டர்கள் போராடி உயிரைக் காப்பாற்றினார்கள். அதே ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆராய்ச்சிக்கு அவர் திரும்பவே இல்லை. 1968 ஏப்ரல் 1-ந் தேதி காலமானார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1967-ல், இங்கிலாந்தில் ஜோசலின் பெல் என்ற மாணவி வானிலிருந்து விட்டு விட்டு வரும் ரேடியோ துடிப்பைக் கண்டுபிடித்தார். அதை அனுப்பியது நியூட்ரான் நட்சத்திரம் என்று பின்னர் தெரிந்தது. சூரியனை விட அதிக எடை. குறுக்களவோ சுமார் 20 கிலோமீட்டர்தான்!

அதன் உள்ளே நியூட்ரான்கள், குளிர்ந்த ஹீலியத்தைப் போலவே, உராய்வின்றி ஓடுவதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். லாண்டாவை இளமையில் ஈர்த்த நட்சத்திரமும், அவரைச் சிறையிலிருந்து மீட்ட ஹீலியமும் அங்கே ஒன்று சேர்கின்றன.